ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: ராமேஸ்வரம் தீவுக்கு எந்த வகை?

(இணைய உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கு மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

தங்கச்சிமடம் மாடிவீடு

வணக்கம். வீடு தங்கச்சிமடத்தில், வடகடலிலிருந்து 400 மீட்டர் இருக்கும். கீழே நாங்கள் 5 பேர். மேலே 3 அறை, ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களுக்குக் கொடுப்பதற்காகக் கட்டியது. மாடியில் பைப் வேலை இன்னும் முடியவில்லை, அதனால் எதையும் மாற்ற இடம் இருக்கிறது.

தண்ணீர் இரண்டு விதம். போர்வெல்: டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 2,600, குளோரைடு 1,050, கடினத்தன்மை 700 (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்). காவிரிக் கூட்டுக் குடிநீர்: டிடிஎஸ் 400, 6,000 லிட்டர் சம்பில் பிடித்து வைக்கிறோம்.

ஹீட் பம்ப், அதாவது காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மிஷின், வாங்க நினைக்கிறோம். கடைகளில் நான்கு வகை சொல்கிறார்கள். டேங்கின் தலையிலேயே மிஷின் உட்கார்ந்திருக்கும் ஒற்றை யூனிட். ஏசி மாதிரி வெளியே ஒரு பெட்டி, உள்ளே டேங்க் என்று ஸ்ப்ளிட். தண்ணீரைப் பம்ப் வைத்துச் சுற்றவிடும் மோனோபிளாக். நான்காவது, ஏசியின் சூட்டை எடுத்துத் தண்ணீர் காய்ச்சுவது. ஒவ்வொருவரும் தங்கள் மிஷினின் சிஓபி எண்ணை (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் சூடு என்பது) மட்டும் காட்டுகிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

மின்கணக்கு

மிஷினைப் பார்க்கும் முன் வாளியை எண்ணுங்கள். குளிக்கும் நீர் 40 டிகிரி, குழாயில் வருவது 28 டிகிரி என்று வைத்தால், 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு 20 × 12 × 1.163 = 279 வாட்-மணி. கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே.

நீங்கள் 5 பேர், ஆளுக்கு ஒரு வாளி: நாளுக்கு 1.4 யூனிட் சூடு. இதற்கு மட்டும் ஹீட் பம்ப் வாங்குவது வீண். ஹீட் பம்ப் மிச்சம் பிடிப்பது நாளுக்கு 1 யூனிட்தான். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 3,000 ரூபாய் தொடாது. அதற்கு 15 லிட்டர் கெய்சர் போதும்.

மாடி அறைகள்தான் கணக்கை மாற்றுகின்றன. 3 அறை, அறைக்கு 3 பேர், ஆளுக்கு 2 வாளி: 18 வாளி, அதாவது 360 லிட்டர். உங்கள் 100 லிட்டரையும் சேர்த்தால் 460 லிட்டர், 6.4 யூனிட் சூடு. டேங்க் ஆறுவதில் போவது ஒரு யூனிட். மொத்தம் 7.4. கெய்சர் இதை அப்படியே மீட்டரில் எழுதும். சிஓபி 3.5 உள்ள ஹீட் பம்ப் 2.1 யூனிட்டில் முடிக்கும். அறைகள் நிறைந்த நாளில் 5.3 யூனிட் மிச்சம்.

இதை வருடத்துக்கு 365-ஆல் பெருக்காதீர்கள். அறை நிறையும் நாட்களால் மட்டும் பெருக்குங்கள். 150 நாள் என்றால் 795 யூனிட். கெய்சருக்கும் ஹீட் பம்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இதன் ரூபாயால் வகுத்தால் வருவது எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது. மிஷின் அத்தனை ஆண்டு உங்கள் காற்றில் நிற்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. சிஓபி 3.5-ஆ 4-ஆ என்பதெல்லாம் அதற்குப் பிறகு. 3.5-லிருந்து 4-க்குப் போனால் உங்கள் வீட்டில் நாளுக்குக் கால் யூனிட்தான் வித்தியாசம்.

விருந்தினர் அறைக்கு எந்தக் கட்டணம் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே உள்ள 8 ரூபாய் மாறினால் விடையும் மாறும்.

வாடைக்காற்று

அண்ணே, இந்தத் தீவுல மிஷினைக் கொல்றது ரெண்டே விஷயம். அதுக்குள்ள போற காத்து, அதுக்குள்ள போற தண்ணி. எந்த வகைன்னு பாக்காதீங்க, காத்து எங்கேருந்து எடுக்குது, தண்ணி எதை உரசிட்டுப் போகுதுன்னு பாருங்க. மத்ததெல்லாம் தானா கழியும்.

காத்துல இருந்து ஆரம்பிக்கலாம். உள்நாட்டு ஊர்ல ஒரு பக்கம் சுவரைக் காட்டி "இது காத்து மறைவு"ன்னு சொல்லிடலாம். தீவுல அது நடக்காது. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வாடை வடகடல் உப்பைக் கொண்டுவரும். வைகாசிக்கு மேல கச்சான் காத்து தென்கடல் உப்பைக் கொண்டுவரும். வெளிய எந்தச் சுவர்ல மாட்டினாலும் வருஷத்துல பாதி நாள் உப்பு நேரா அடிக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருச் சோதனைக் களத்தை மண்டபத்துல வச்சிருக்கே, அது சும்மா இல்ல. 2025-ல திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டதும் இந்தக் காத்துக்காகத்தான்.

அவுட்டோர் யூனிட்ல காத்துலேருந்து சூடு எடுக்கற காயில் இருக்கு. அதோட பைப் செம்பு, பைப் மேல நெருக்கமா அடுக்கின மெல்லிய தகடு, அதான் ஃபின், அலுமினியம். ரெண்டு உலோகம் ஒட்டி இருக்கற இடத்துல உப்பு ஈரம் நின்னா அலுமினியம் கரையும். முதல்ல தெரியறது காயிலோட அடி ரெண்டு அங்குலத்துல. வெள்ளையா மாவு பூத்த மாதிரி இருக்கும். நகத்தால தொட்டா ஃபின் ஊறின பிஸ்கட் மாதிரி உதிரும். பைப் முழுசா இருக்கும், அதுக்குள்ள சுத்திச் சூட்டைக் கடத்தற கேஸும் இருக்கும், ஆனா ஃபின் பைப்பை விட்டுப் பிரிஞ்சதால சூடு ஏறாது. 3 மணி நேரத்துல காயற டேங்க் 6 மணி நேரம் ஓடும். மீட்டர் காட்டிக் கொடுக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதனால என் கட்சி இதுதான்: ஒற்றை யூனிட்டை வாங்கி வீட்டுக்குள்ள வைங்க. மாடிப்படிக்குக் கீழ, இல்ல ஸ்டோர் ரூம்ல. வீட்டுக்குள்ள இருக்கற காத்தையே எடுத்து, குளிர்ந்த காத்தை வீட்டுக்குள்ளயே விடட்டும். வெளிக்காத்து காயிலைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர்ப் பரிசோதனை

வாடைக்காற்று சொன்ன இரண்டாவது விஷயம், தண்ணீர்.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இன்படி, மாற்று வழி இல்லாதபோது அனுமதிக்கப்படும் மேல் எல்லை: டிடிஎஸ் 2,000, குளோரைடு 1,000, கடினத்தன்மை 600. உங்கள் போர் நீர் மூன்றையும் தாண்டிவிட்டது. இந்த நீரை எந்த வகை ஹீட் பம்பிலும் விடக்கூடாது. காரணத்தைப் பகுதி பகுதியாகச் சொல்கிறேன்.

முதலில் மோனோபிளாக். அதற்குள் பிளேட் எக்ஸ்சேஞ்சர், அதாவது கேஸின் சூட்டை நீருக்குக் கடத்தும் தகடு அடுக்கு, இருக்கும். தகடுகளுக்கு நடுவே இடைவெளி 2, 3 மில்லிமீட்டர்தான். நாளுக்கு 230 லிட்டர் போர் நீர் போனால் 160 கிராம் சுண்ணாம்பு அந்த வழியாகக் கடக்கிறது. பத்தில் ஒரு பங்கு படிந்தாலும் வருடத்துக்கு 6 கிலோ. நீரோட்டம் குறையும், கேஸ் அழுத்தம் ஏறும், ஹை பிரஷர் கட் ஆகி மிஷின் நின்றுவிடும். ஆளை அழைத்தால் அமிலம் விட்டுக் கழுவுவார். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே. டேங்கின் வெளிப்புறம் கேஸ் பைப்பைச் சுற்றிய வகையில் இந்தச் சிக்கல் இல்லை. நீர் குறுகிய வழியில் நுழைவதே இல்லை. படிவது டேங்க் அடியில் படியும், டிரெய்ன் வால்வில் வெளியேற்றலாம். கேஸ் தன் சூட்டை நீருக்குக் கொடுக்கும் பகுதிக்குக் கண்டென்சர் என்று பெயர். வாங்கும்போது "கண்டென்சர் டேங்கைச் சுற்றி இருக்கிறதா, பிளேட்டா?" என்று கேளுங்கள். சில மாடல்களில் செம்புக் குழாய் நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அதுவும் வேண்டாம்.

அடுத்து டேங்க். ஸ்டெயின்லெஸ் என்றதும் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். அதில் 304, 316 என்று ரகங்கள் உண்டு. குளிர்ந்த நீரில் 304-க்குக் குளோரைடு 200, 316-க்கு 1,000 என்பது பொதுவான கைக்கணக்கு. 60 டிகிரியில் இவற்றை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் 304-க்கு 50, 316-க்கு 250. உங்கள் போர் 1,050. டேங்க் பரவலாகத் துருப்பிடிக்காது. வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை அளவில் குழி விழுந்து ஒரு நாள் சொட்டும். அதை மறுபடி வெல்டு வைத்தால் பக்கத்தில் இன்னொன்று விழும்.

எனாமல் பூசிய டேங்கில் பூச்சு எங்கும் முழுமையாக இருக்காது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. அங்கே எஃகைக் காப்பது மெக்னீசியம் ஆனோடு ராடு. எஃகுக்குப் பதில் அது கரையும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் ராடு வேகமாகத் தீரும். புதிதாகக் கட்டைவிரல் தடிமனில் இருப்பது, தீர்ந்தபின் நடுக் கம்பி மட்டும் ஈர்க்குச்சியாய் நிற்க, இரண்டு மூன்று வெள்ளை முடிச்சுகளோடு வெளியே வரும். அதற்குப் பிறகு கரையும் முறை டேங்கினுடையது.

சாஃப்ட்னர் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். சுண்ணாம்பு படியாது, உண்மை. குளோரைடு ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. டேங்க் ஓட்டை விழுவதற்கு அது மருந்தல்ல.

எனவே சூடாக்க வேண்டியது காவிரி நீரை மட்டும். டேங்க் 52 டிகிரியில் இருந்தால் 460 லிட்டர் குளியல் நீருக்கு 230 லிட்டர் சூடான நீர் போதும். மீதிப் பாதி குளிர்ந்த நீர் போர் லைனிலிருந்து வரட்டும். எல்லா அறையும் நிறைந்த நாளில்கூட 230 லிட்டர்தான். காவிரி நீரிலும் குளோரைடு எவ்வளவு என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் மீட்டர் அதைச் சொல்லாது. 150-க்குக் கீழே இருந்தால் 316எல் டேங்கோ எனாமல் டேங்கோ, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

தங்கச்சிமடம் மாடிவீடு

காவிரி நீரைத் தனியாக எடுப்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாடியில் அதற்கென 500 லிட்டர் டேங்க் வைத்துவிடலாம்.

இரண்டு சந்தேகம். வீட்டு எஞ்சினியர், வெளிநாட்டில் பூமிக்குள் பைப் இறக்கும் ஹீட் பம்ப்தான் உயர்ந்தது என்கிறார். இங்கே மணல் பூமி, துளை போடுவது எளிது. கிணற்று நீரிலிருந்து சூடு எடுப்பதும் உண்டாமே? அடுத்தது கேஸ். ஆர்-134ஏ, ஆர்-32, ஆர்-290, கார்பன் டை ஆக்சைடு. எது?

மின்கணக்கு

பூமிக்குள் இறக்குவது குளிர் நாட்டுக்குப் பொருந்தும் விடை. அங்கே தை மாதக் காற்று உறைநிலைக்குக் கீழே போகும், சில மீட்டர் ஆழத்தில் மண் 10 டிகிரியில் இருக்கும். காற்றைவிட மண் சூடு, அதனால் லாபம். ஆழத்து மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். நம் கரையில் அது 28 டிகிரி அளவு. நம் காற்று மார்கழி விடியலிலும் 22, 24-க்குக் கீழே இறங்குவது அரிது, பகலில் 30 தாண்டும். தண்ணீர் காய்ச்ச மண்ணிடம் போய்க் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. கிணற்று நீரும் அப்படித்தான். அதே 28 டிகிரி, கூடவே உப்பு, கூடவே பம்ப் ஓட்டும் மின்சாரம். செம்பு-நிக்கல் அல்லது டைட்டானியம் எக்ஸ்சேஞ்சர் இல்லாமல் அந்த நீரை உள்ளே விடவும் முடியாது.

கார்பன் டை ஆக்சைடு நல்ல கேஸ், ஆனால் அதன் குணம் வேறு. அதன் நெருக்கடி வெப்பநிலை (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கேஸ் திரவமாகாது) 31 டிகிரி. உள்ளே வரும் நீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும். சித்திரை மதியம் மொட்டைமாடி டேங்க் நீர் 36 டிகிரியில் இறங்கும் ஊரில் அதன் பலம் பாதி போய்விடும்.

அந்த 36 டிகிரி மற்ற கேஸ்களுக்கு வரம். காவிரி டேங்கை நிழலில் வைக்காதீர்கள், கறுப்பு நிறமாகவே இருக்கட்டும். மிஷினை மதியம் 1 மணி முதல் 4 மணி வரை டைமரில் ஓட்டுங்கள். 28-லிருந்து 52-க்கு ஏற்றுவதற்குப் பதில் 36-லிருந்து ஏற்றுகிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு வேலையை வெயில் செய்துவிடுகிறது.

பெரியபட்டினம் ஏசி

கேஸ் விஷயத்துல நான் ஒண்ணு சொல்றேன். இந்தக் கரையில கேஸ் லீக் ஆகும்னு முடிவு பண்ணிட்டுத்தான் வாங்கணும். லீக் ஆனா யார் வந்து ஏத்துவாங்க, அதுதான் கேள்வி.

ஆர்-134ஏ: கார் ஏசியிலயும் பழைய ஃபிரிட்ஜ்லயும் இருக்கறது. ராமநாதபுரத்துல சிலிண்டர் எப்பவும் கிடைக்கும். அழுத்தம் கம்மி, 60 டிகிரி வரைக்கும் சிரமம் இல்லாமத் தண்ணி காய்ச்சும். பூமி சூடாகற கணக்குல கார்பன் டை ஆக்சைடு 1-ன்னா இது 1,430, அது ஒரு குறை. ஆர்-32: இப்ப வர்ற ஏசி பெரும்பாலும் அதுதான், அதனால ஆள் கிடைப்பாங்க. கணக்கு 675. அழுத்தம் அதிகம், கொஞ்சம் எரியும். ஆர்-290: புரொபேன். பூமிக்கு ரொம்ப நல்லது, செயல்திறனும் நல்லது. ஆனா சிலிண்டர் கேஸ் மாதிரியே தீப்பிடிக்கும், காத்தை விடக் கனம், தரையில தேங்கும்.

வாடைக்காற்று சொல்ற மாதிரி மாடிப்படிக்குக் கீழ வைக்கப் போறீங்கன்னா ஆர்-290 வேண்டாம். உப்புல காயில் ஓட்டை விழுற ஊர்ல, காத்தோட்டம் இல்லாத பொந்துக்குள்ள, பக்கத்துல சுவிட்ச் போர்டு. அந்த இடத்துக்கு ஆர்-134ஏ. திறந்த பால்கனியில வைக்கறதா இருந்தா ஆர்-290 யோசிக்கலாம்.

ஏசி சூட்டைத் திருப்பி எடுக்கறது, அதான் அந்த டீசூப்பர்ஹீட்டர், ஹோட்டலுக்குச் சரி. 1.5 டன் ஏசி முழு வேகத்துல ஓடினா 1 கிலோவாட் அளவு சூடு எடுக்கலாம். இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி 12 மணிக்கு மேல கால் வேகத்துக்கு இறங்கிடும். அப்ப கம்ப்ரஸர்ல இருந்து வர்ற கேஸே அவ்வளவு சூடா இருக்காது. அறை காலியா இருந்தா ஏசியும் இல்ல, வெந்நீரும் இல்ல. சீல் பண்ணின மிஷினை வெட்டி நாலு பிரேசிங் ஜாயின்ட் புதுசா வைக்கணும், வாரன்டி அன்னிக்கே முடிஞ்சிடும். ஏசி வாங்கும்போது "ஹாட் அண்ட் கோல்ட்"ன்னு விக்கறதையும் வாங்காதீங்க. அறையைச் சூடாக்கற நாள் நம்ம ஊர்ல வராது. உள்ள ஒரு ரிவர்ஸிங் வால்வு கூடுதல், ரிப்பேருக்குக் கூடுதலா ஒரு இடம், அவ்வளவுதான்.

ஆனா ஸ்ப்ளிட்டை ஒரேயடியா ஒதுக்கறதை ஒத்துக்க மாட்டேன். ஒற்றை யூனிட் உள்ள வச்சா கம்ப்ரஸர் சத்தம் உள்ள. குளிர்ந்த காத்து உள்ள. அறை சின்னதா இருந்தா அது விட்ட குளிரையே அது திரும்ப இழுத்து மூச்சு முட்டும். ஸ்ப்ளிட்ல செம்பு ஃபின் காயிலோ, ஃபேக்டரியிலேயே எபாக்ஸியில முக்கி எடுத்த காயிலோ கிடைச்சா வெளியிலயும் நிக்கும்.

வாடைக்காற்று

பெரியபட்டினத்து அண்ணன் சொல்றது நியாயம். ஃபேக்டரியில முக்கி எடுத்தது என்கிறதை மட்டும் அழுத்திச் சொல்றேன். ப்ளூ ஃபின், கோல்டு ஃபின்னு விக்கறது அது இல்ல. அது தகடா இருக்கும்போதே பூசின மெல்லிய பூச்சு. அப்புறம் தகட்டை வெட்டறாங்க, பைப்புக்கு ஓட்டை போடறாங்க. வெட்டின ஒவ்வொரு ஓரத்துலயும் வெறும் அலுமினியம் வெளிய தெரியும், உப்பு அங்கதான் நுழையும். மாட்டினதுக்கப்புறம் ஸ்ப்ரே அடிச்சுத் தர்றேன்னு யாராவது வந்தா விடாதீங்க. ஏற்கனவே ஒட்டின உப்பை உள்ள வச்சுப் பூசின மாதிரி ஆகும்.

ஸ்ப்ளிட்தான்னு முடிவு பண்ணினா செய்ய வேண்டியது: ஸ்டாண்டும் போல்ட்டும் 316. ஜிஐ போல்ட் போட்டா நட்டு இறுகி, பின்னால கழட்டணும்னா வெட்டித்தான் எடுக்கணும். கடல் பக்கம் ஒரு மீட்டர் தள்ளி ஜாலிச் சுவர், யூனிட் உயரத்துக்கு மேல ஒரு அடி. நேரா அடிக்கற துளியைத் தடுக்கும், காத்தை அடைக்காது. தார்ப்பாய் போட்டு மூடறது, கீத்து வச்சு அடைக்கறது ரெண்டும் தப்பு. விட்ட காத்தையே திரும்ப இழுக்கும். கேஸ் பைப் சேர்ற ஃபிளேர் நட்டு மேல பெட்ரோலியம் ஜெல்லி தடவி டேப் சுத்துங்க.

கழுவறது 15 நாளைக்கு ஒரு தடவை, வாடை காலத்துல வாரம் ஒரு தடவை. மெயின் ஆஃப் பண்ணிட்டு, உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, பூவாளி மாதிரி மெதுவா. பிரஷர் வாஷர் வச்சா ஃபின் மடங்கிடும். முக்கியமானது: போர் தண்ணியில கழுவாதீங்க. 2,600 டிடிஎஸ் தண்ணி காஞ்சா காயில்ல மிஞ்சறதும் உப்புதான். காவிரித் தண்ணி ரெண்டு வாளி, இல்லாட்டி பிடிச்சு வச்ச மழைத்தண்ணி.

இவ்வளவையும் ஒவ்வொரு வாரமும் யார் செய்வாங்கன்னு நேர்மையா யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் உள்ள வைங்கன்னு சொல்றேன்.

மூச்சு முட்டற விஷயத்துக்கு அளவு இருக்கு. 2 கிலோவாட் சூடு தர்ற மிஷின் மணிக்கு 400 கன மீட்டர் காத்து இழுக்கும். 10க்கு 8 அடி ஸ்டோர் ரூம்ல மொத்தக் காத்தே 23 கன மீட்டர்தான். கதவை அடைச்சா சில நிமிஷத்துல ரூம் குளிர்ந்திடும். அதனால கதவோட அடியில லூவர். திறப்பு மட்டும் ஒரு சதுர அடி வேணும். பட்டை பாதி இடத்தை மறைக்கும், அப்ப வெட்ட வேண்டியது ரெண்டு சதுர அடி. வெளிய விடற பக்கத்துக்கு 160 மில்லிமீட்டர் டக்ட், 5 மீட்டருக்குள்ள, பெண்டு ரெண்டுக்கு மேல வேண்டாம். குளிர்ந்த காத்தை ஹாலுக்கோ சாமான் அறைக்கோ திருப்புங்க.

காத்தைச் சமையலறையில இருந்து இழுக்காதீங்க. மீன் பொரிக்கற எண்ணெய்ப் புகை ஃபின்ல படிஞ்சா மேல தூசி ஒட்டிப் பசையாயிடும், தண்ணியில போகாது. நம்ம காத்துல ஈரம் ஜாஸ்தி, ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணி சொட்டும். அதுக்கு டிரெய்ன் பைப், நடுவுல யு-வளைவு. வளைவு இல்லேன்னா சாக்கடை நாத்தத்தையும் ஃபேன் இழுத்துட்டு வரும்.

தங்கச்சிமடம் மாடிவீடு

மாடிப்படிக்குக் கீழே இடம் போதாது. மாடியில் அறைகளுக்கு நடுவே ஒரு ஸ்டோர் உண்டு, 10க்கு 8. அங்கே 300 லிட்டர் வைக்கலாமா? மேலே இருந்தால் அறைகளுக்குப் பைப் தூரமும் குறையும்.

மின்கணக்கு

எடையைப் பாருங்கள். 300 லிட்டர் மிஷின் நீரோடு 400 கிலோ. அடிப்பரப்பு 60 சென்டிமீட்டர் வட்டம், அதாவது 0.28 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1,400 கிலோ ஆகிறது. வீட்டுத் தளத்துக்கு வடிவமைப்பில் எடுக்கும் பயன்பாட்டுச் சுமை 200 கிலோ. தளத்தின் நடுவில் வைக்கக்கூடாது. கீழே பீமோ சுமைச்சுவரோ ஓடும் மூலையில், எஃகுச் சட்டம் போட்டுச் சுமையைப் பரப்பி வைக்க வேண்டும். எங்கே என்று உங்கள் எஞ்சினியர் வரைபடம் பார்த்துச் சொல்லட்டும், இது அவருடைய வேலை. அறைகளுக்கு நடுவே என்பதால் அடியில் ரப்பர் பேட் வைக்க வேண்டும், இரவில் ஓடாதபடி டைமரும் வேண்டும்.

300 எடுப்பது சரி. ராமேஸ்வரம் கோயிலில் ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணிக்கு. 4 மணிக்கே மூன்று அறையும் ஒன்றாகக் குளிக்கும். 360 லிட்டர் குளியல் நீருக்கு 52 டிகிரியில் 180 லிட்டர் வேண்டும். 200 லிட்டர் டேங்கில் கலங்காமல் எடுக்க முடிவது 170. கடைசி ஆளுக்கு வெதுவெதுப்புதான் வரும்.

மின் இணைப்பு: கம்ப்ரஸர் 700 வாட் அளவு, உள்ளே இருக்கும் ஹீட்டர் ராடு 1,500 வாட், இரண்டும் சேர்ந்தால் 2.2 கிலோவாட். தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 16 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்). மாலையில் வோல்டேஜ் 190-க்குக் கீழே இறங்கும் தெருவாக இருந்தால் 3 நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர். வாங்கிய அன்றே செட்டிங்கில் அந்த ஹீட்டர் ராடை "ஆட்டோ"விலிருந்து எடுத்துவிடுங்கள். பல மிஷின்கள் கொஞ்சம் தாமதமானாலும் தானாக ராடைப் போட்டுவிடும். நீங்கள் ஹீட் பம்ப் விலை கொடுத்துக் கெய்சர் பில் கட்டுவீர்கள். வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றுவதற்கு மட்டும் அது இருக்கட்டும். நோய்க்கிருமி தங்காமலிருக்க அந்த ஒரு ஏற்றம் தேவை.

கண்ட்ரோல் போர்டுப் பெட்டியில் கேபிள் நுழையும் ஓட்டையைக் கிளாண்டு போட்டு அடையுங்கள். பல்லியும் எறும்பும் அந்த வழியாகத்தான் போர்டில் போய் ஷார்ட் ஆக்குகின்றன.

தண்ணீர்ப் பரிசோதனை

பைப் வேலைக்குச் சில குறிப்புகள். சூடான லைன் சிபிவிசி, யுபிவிசி வளைந்துவிடும். அறைகளுக்குப் போகும் கிளை அரை அங்குலமாகவே இருக்கட்டும். முக்கால் அங்குலத்தில் 20 மீட்டருக்கு 5 லிட்டர் ஆறிய நீர் நிற்கும், அரை அங்குலத்தில் அதில் பாதி. காவிரி நீரை அப்படிக் கீழே விட வேண்டாம். டேங்க் வாயில் ஜிஐ நிப்பிள் மாட்டாதீர்கள், இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கும் டைஎலெக்ட்ரிக் நிப்பிள் போடுங்கள்.

28-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 300 லிட்டர் நீர் 4 லிட்டர் விரியும். இன்லெட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு (நீரை ஒரு திசையில் மட்டும் விடுவது) இருந்தால் அந்த 4 லிட்டருக்குப் போக்கிடம் வேண்டும். சேஃப்டி வால்வின் வாயை, சொட்டுகிறதே என்று பிளக் போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். டேங்க் வெடிப்பது அப்படித்தான். அதற்கு ஒரு சிறிய பைப் வைத்து டிரெய்னில் விடுங்கள். மாதம் ஒருமுறை அதன் கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள், சுண்ணாம்பில் ஒட்டிக்கொள்ளும்.

எனாமல் டேங்க் வாங்கினால் முதல் ஆனோடு சோதனை 6 மாதத்தில். மெயின் ஆஃப். இன்லெட் வால்வை மூடுங்கள். மேலே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, டிரெய்னில் 10 லிட்டர் எடுங்கள். நீளக் கைப்பிடி சாக்கெட்டால் ராடைக் கழற்றுங்கள், பெரும்பாலும் 27 மில்லிமீட்டர். ராடு 10 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்திருந்தாலோ, நடுக் கம்பி ஒரு சாண் தெரிந்தாலோ மாற்றுங்கள். வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாக ராடு. மின்சாரத்தில் இயங்கும் டைட்டானியம் ஆனோடு போட்டால் கரையும் ராடே தேவையில்லை, ஆனால் அதற்கு எப்போதும் கரண்ட் வேண்டும். புயலில் நாள்கணக்கில் கரண்ட் போகும் தீவில் அதையும் யோசியுங்கள். மிஷின் தலையில் ராடை உருவ எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை மாட்டும் முன்பே அளந்துகொள்ளுங்கள். கூரை இடித்தால் சங்கிலி மாதிரி மடங்கும் ராடு கேளுங்கள்.

தங்கச்சிமடம் மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய திட்டம்: 300 லிட்டர் ஒற்றை யூனிட், ஆர்-134ஏ, கண்டென்சர் டேங்கைச் சுற்றியது, எனாமல். மாடி ஸ்டோரில் பீம் மூலையில், லூவர் கதவோடு. தனி 500 லிட்டர் காவிரி டேங்க். குளியலறைகளில் சுவர் மிக்சர், சூடு பக்கம் காவிரி, குளிர் பக்கம் போர். கீழ்வீட்டுக்குப் பழைய 15 லிட்டர் கெய்சரே இருக்கட்டும். ஏதாவது விட்டிருக்கிறேனா?

பெரியபட்டினம் ஏசி

வாளி வச்சுக் கலக்கறதா இருந்தா சரி. மிக்சர்னு சொல்லிட்டீங்க, அங்க ஒரு ஆபத்து இருக்கு. போர் டேங்க் உயரத்துல இருந்தாலோ, பிரஷர் பம்ப் இருந்தாலோ போர் பக்கம் அழுத்தம் ஜாஸ்தி. ரெண்டு குழாயும் திறந்து, ஷவர் வாயை மட்டும் மூடினா போர் தண்ணி மிக்சர் வழியா வெந்நீர் லைனுக்குள்ள ஏறி, ஹீட்டர் டேங்குக்கே போயிடும். இவ்வளவு கவனமா காவிரித் தண்ணி கொடுத்தும் டேங்க் ஓட்டை விழும், காரணமே பிடிபடாது.

தண்ணீர்ப் பரிசோதனை

ஆம், அது அங்கிருந்து காவிரி டேங்குக்கும் போகும். அந்த டேங்கில் சமையலுக்கு எடுத்தால் அது உடல்நலப் பிரச்சினை.

ஒவ்வொரு மிக்சரின் இரண்டு பக்கமும், அதாவது வெந்நீர் வாயிலும் தண்ணீர் வாயிலும், பித்தளை நான்-ரிட்டர்ன் வால்வு. 3 அறைக்கு 6 வால்வு. காவிரி டேங்கிலிருந்து ஹீட்டருக்கு இறங்கும் லைனில் ஏழாவது. இரண்டு டேங்கையும் ஒரே உயரத்தில் வையுங்கள். மாட்டி முடித்ததும் சோதிக்கும் விதம்: ஹீட்டர் இன்லெட் வால்வை மூடிவிட்டு, ஒரு அறையில் மிக்சரின் இரண்டு பக்கமும் திறந்து ஷவர் வாயை அடையுங்கள். அடுத்த அறையில் வெந்நீர்க் குழாயை மட்டும் திறவுங்கள். பைப்பில் நின்றது வடிந்த பிறகும் நீர் வந்துகொண்டே இருந்தால் அது போர் நீர், வால்வு பிடிக்கவில்லை. டிடிஎஸ் மீட்டரை அதில் வைத்தால் 400-ஆ 2,600-ஆ என்று உடனே தெரியும். டைல்ஸ் ஒட்டும் முன் இதைச் செய்துவிடுங்கள்.